மாமாவின் தொண்டையும் இயந்திரத்தின் கணக்கும்

உலகப் புகையிலை எதிர்ப்பு நாளான மே 31 கோடை விடுமுறையில் வந்துவிடுகிறது. அதனால் எங்கள் பள்ளியில் ஜூனில்தான் அதைப் பற்றிப் பேசுகிறோம். நுரையீரல் படம் காட்டுவோம், உறுதிமொழி எடுப்போம். ஆனால் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வேறொரு கேள்வி இருக்கிறது. “டீச்சர், லைட் சிகரெட் அவ்வளவு கெடுதல் இல்லையாமே? தொண்டையில காரமே தெரியலைன்னு எங்க மாமா சொல்றாரு.”

மாமா பொய் சொல்லவில்லை. காரம் அவருக்குக் குறைவாகத்தான் தெரிந்திருக்கும். அப்படித் தெரிய வைப்பதற்கென்றே வடிவமைப்பும் சோதனை முறைகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் 1998-இல் மாநில அரசுகளுக்கும் சிகரெட் நிறுவனங்களுக்கும் ஏற்பட்ட உடன்பாடு உள்ளிட்ட வழக்குகளால் நிறுவனங்களின் உள் ஆவணங்கள் பொதுவெளிக்கு வந்தன. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் அவற்றை மின்னூலகமாகப் பராமரிக்கிறது.

புகையிலை ஒரு விளைபொருள். ஆண்டுக்கு ஆண்டு இலையின் தன்மையும் விலையும் மாறும். கலவையையோ தாளையோ மாற்றினால் வழக்கமாக வாங்குபவருக்கு அது தெரியக்கூடாது. இதை அறிய உணவு நிறுவனங்களும் பயன்படுத்தும் ஒரு முறைதான் முக்கோணச் சோதனை. பெயர் இல்லாத மூன்று மாதிரிகளைத் தருவார்கள். அவற்றில் இரண்டு ஒன்றே, ஒன்று மட்டும் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். குத்துமதிப்பாகச் சொன்னாலும் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். ஆகவே 30 பேரில் 10 பேர் சரியாகச் சொன்னால் அதில் பொருள் இல்லை. 15 பேராவது சொன்னால்தான் வேறுபாடு உணரப்படுகிறது என்று முடிவு செய்வார்கள். நிகழ்தகவுப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. உப்பு கூடிய ஒரு குவளை மோரும், சாதாரண மோர் இரண்டு குவளைகளும் போதும்.

இன்னொரு வகையில், பெயர் அச்சிடாத பெட்டிகளில் இரண்டு வகைச் சிகரெட்டுகளை வீட்டுக்கே கொடுத்தனுப்பி, சில நாள் புகைத்தபின் வினாத்தாளை நிரப்பச் சொல்வார்கள். காரம், சுவை, இழுப்பதற்கு எளிதா, பின்சுவை எப்படி என்று கேள்விகள் போகும்.

இதுவரை சொன்னது மாற்றத்தை மறைப்பது. இதன் மறுபக்கம்தான் எனக்கு வியப்பளித்தது: உள்ளே பெரிதாக ஒன்றும் மாறாமல், மாறியதாகத் தோன்ற வைப்பது. ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் வேதியியலாளர் கிளாட் டீக் 1953-இல் ஒரு யோசனையை எழுதி வைத்தார். புகை பட்டதும் நிறம் மாறும் பொருளை ஃபில்டரில் சேர்க்கலாம் என்பது அது. அதனால் வடிகட்டும் திறன் ஏறக்குறைய கூடப்போவதில்லை என்பதையும், விற்பனைக்கு அது உதவும் என்பதையும் அவரே குறிப்பிட்டிருந்தார். பழுப்பேறிய பஞ்சைப் பார்ப்பவர், ‘இவ்வளவு அழுக்கையும் பிடித்துவிட்டதே’ என்றுதானே நினைப்பார்?

லைட் சிகரெட்டின் கதை இன்னும் நுட்பமானது. ஃபில்டரைச் சுற்றி, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்துளைகள் இருக்கும். இழுக்கும்போது அவற்றின் வழியே காற்று நுழைந்து புகையோடு கலக்கும். அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 1967-இல் ஏற்ற முறைப்படி, தார், நிகோடின் அளவைக் கணக்கிட்டது ஓர் இயந்திரம். நிமிடத்துக்கு ஒருமுறை, 2 விநாடியில், 35 மில்லிலிட்டர் இழுக்கும். அதற்கு நிகோடின் தேவையில்லை. மனிதருக்குத் தேவை. குறைவாகக் கிடைத்தால் ஆழமாக, அடிக்கடி இழுப்பார். விரலும் உதடும் அந்தத் துளைகளை மூடிவிடும். ஆக, இயந்திரத்தின் எண் ஒன்று, மாமாவின் நுரையீரலுக்குள் போவது வேறொன்று. 1980-களின் தொடக்கத்தில் பார்க்லே என்ற சிகரெட் 1 மில்லிகிராம் தார் என்று விற்கப்பட்டபோது, வாயில் வைத்தால் அதன் காற்றுவழிகள் நசுங்கிவிடும் என்று ஆணையத்திடம் முறையிட்டவை போட்டி நிறுவனங்களே! அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

இவ்வகைச் சிகரெட்டுகளால் மக்கள் உடல்நலத்துக்குப் பயன் கிடைத்ததாகச் சான்றில்லை என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2001-இல் அறிவித்தது. 2006-இல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், நிறுவனங்கள் மக்களை ஏமாற்றின என்று தீர்ப்பளித்தார். 2010-இல் ‘லைட்’, ‘மைல்ட்’ போன்ற சொற்கள் அங்கே தடை செய்யப்பட்டன. மார்ல்போரோ லைட்ஸ், மார்ல்போரோ கோல்ட் ஆனது. வெளிர்நிறப் பெட்டியில் உள்ளது மென்மையானது என்று வாங்குபவர் நினைப்பார் என்பது நிறுவனங்களின் பெட்டிச் சோதனைகளில் முன்பே தெரிந்திருந்த செய்தி.

வகுப்பில் இதைச் செய்துபார்க்கச் சிகரெட் பெட்டி வேண்டாம். ஒரே எலுமிச்சைச் சாற்றை இரண்டு குவளைகளில் ஊற்றி, ஒன்றில் மட்டும் உணவு மஞ்சள் நிறம் ஒரு சொட்டு விடுங்கள். எது அதிகம் புளிக்கிறது என்று கேட்டு, பதில்களைக் கரும்பலகையில் பட்டியலிடுங்கள். சாறு ஒன்றேதான் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். மாமாவைப் பற்றிக் கேட்ட பிள்ளைக்கும் அன்றைக்கே பதில் சொல்லிவிடலாம்.