கட்டைவிரல் வீக்கமும் கடை மாத்திரையும்

சுளுக்கு என்று நிச்சயித்தவர்கள்

இரவு நன்றாக உண்டு படுத்தவர், விடியற்காலையில் கால் கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி, போர்வையின் நுனி பட்டாலும் பொறுக்கவொண்ணாத வேதனையோடு விழித்தெழும்போது, அது யூரிக் அமிலப் படிகங்களால் மூளும் 'கவுட்' என்னும் வாதரத்தமாக இருக்கலாம் என்று எண்ணுவதேயில்லை. சுளுக்கென்று தாமே தீர்மானித்து, எண்ணெய் போட்டு வழித்து, சுடு ஒத்தடமும் கொடுத்து, எதுவும் பலிக்காத பிறகே வைத்தியரிடம் வருகிறார். வழிப்பதால் வேதனை மிகுமேயன்றித் தணியாது. ஒத்தடம் வேண்டுமானால் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியே உசிதம்.

மூவகை ஔஷதங்கள்

நாப்ராக்சன் போன்ற வீக்கம் வற்றச் செய்யும் வலி மாத்திரைகள், கால்ச்சிசின், பிரெட்னிசோலோன் முதலான ஸ்டீராய்டுகள் ஆகிய மூன்றுமே இந்த உபாதைக்கு உரியவை. சிறுநீரகம் பழுதுற்றவருக்கும் வயிற்றுப்புண் உடையவருக்கும் முதல்வகை ஆகாது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எனினும் சில நாட்கள் மட்டும் கண்காணிப்போடு கொடுத்தால் சிறப்பாகவே உதவும். கால்ச்சிசின், வலி கண்ட 12 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் மிக்க பயன் தரும். பேதி காணும் வரை மணிக்கொரு மாத்திரை விழுங்கச் சொன்ன பழைய வழக்கம் அநாவசியமானது, 1.8 மில்லிகிராமே 4.8 மில்லிகிராமுக்கு ஈடாக வேலை செய்கிறது என்று 2010-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிவிட்டது.

பிடிவாதமான நம்பிக்கைகள்

இதே கால்ச்சிசின் நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கிழங்கை அரைத்துக் குடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அது உயிரைக் கொல்லும் விஷம். அதற்கடுத்த அபாயம், மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் 'செட் மாத்திரை'. அதற்குள் ஸ்டீராய்டு ஒளிந்திருப்பதை அறியாமல், மறுநாளே நடந்துவிட்ட மகிழ்ச்சியில், மாதக்கணக்கில் அதை வாங்கி விழுங்கி, முகம் உப்பி, சர்க்கரை ஏறி வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுமை நிற்பதில்லை.

யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால், வலியைத் தீர்க்கும் மருந்தன்று. வீக்கம் வற்றச் செய்யும் மருந்தின் துணையின்றி அதைத் தாமாகவே புதிதாகத் தொடங்கினால் வலி நீளக்கூடும். ஏற்கெனவே உட்கொள்கிறவர் வலி வந்ததென்று நிறுத்துவதும் தவறு. வலி உச்சத்தில் இருக்கையில் இரத்தத்தில் யூரிக் அமிலம் சரியான அளவிலேயே இருக்கலாம். அதை வைத்துக் கவுட் இல்லை என்று சாதிக்கலாகாது. உணவு விஷயத்திலோ, பாவம், பருப்பையும் கீரையையும் ஒதுக்கித் தண்டித்துவிட்டு, பீரையும் ஈரலையும் விடாதவர்கள் பலர்.

ஒத்த தோற்றமுடைய பிற நோய்கள்

முதியோரின் முழங்காலைத் திடீரென வீங்கச் செய்வது கால்சியப் படிகமாகவும் இருக்கலாம். அதற்கு அல்லோபியூரினால் பயன்படாது. மூட்டு நீரை எடுத்துப் பார்ப்பதே நிச்சயமான சோதனை.

ஒரு விண்ணப்பம்

வலி போயிற்றென்று அல்லோபியூரினால் மாத்திரையை எறிந்துவிடாதீர்கள்; யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே நிலைக்கும்படி ஆண்டுக்கணக்கில் காக்க வேண்டும். வீங்கிய மூட்டோடு காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால், சீழ் பிடித்த மூட்டாக இருக்கக்கூடும் என்பதால், தயவுசெய்து கடைக்குப் போகாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள். உட்கொண்ட மாத்திரைகளின் அட்டைகளையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.