நூறு மதிப்பெண்ணுக்கும் ஒரே எடை இல்லை

ஜும்ஆ முடிந்து முல்லா வீதிப் பக்கம் நடந்து வந்தபோது ஒரு தகப்பனார் நம்மை நிறுத்தினார். மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். “ஹஜ்ரத், கணக்குப் பரீட்சையில் எண்பதுக்கு அறுபது எடுத்திருக்கிறாள். மீதி இருபதுக்குப் பதினொன்றுதான் போட்டிருக்கிறார்கள். பரீட்சையே இல்லாத அந்த இருபது எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். நம் தலைமுறையினர் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள். பத்தாம் வகுப்புக் கணக்கு என்றால் ஒரு நாள் தேர்வு, நூறு மதிப்பெண், அவ்வளவுதான். புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் உயர் வகுப்புகள் 2023-24 கல்வியாண்டில் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. 2025இல் நம் பிள்ளைகள் முதன்முறையாக அந்தப் பொதுத்தேர்வை எழுதினார்கள். பாடப்புத்தகத்தோடு மதிப்பெண் கணக்கும் மாறியது. அது பல வீடுகளுக்கு இன்னும் தெரியவில்லை.

பத்தாம் வகுப்பில் ஒரு முதன்மைப் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 80, அகமதிப்பீடு 20. அந்த இருபது நான்கு ஐந்துகளாகப் பிரிகிறது: பருவ இடைத் தேர்வுகள், வினாடி வினா போன்ற பலவகை மதிப்பீடு, நோட்டும் மற்ற வேலைகளும் சேர்ந்த தொகுப்பு, பாடச் செயல்பாடு. பாடச் செயல்பாடு என்பது மொழிப் பாடத்தில் கேட்டல், பேசுதல். கணக்கில் ஆய்வகச் செயல்பாடு. அந்தப் பிள்ளை இழந்த ஒன்பது மதிப்பெண் இங்கேதான் போனது. பொதுத்தேர்வில் ஒன்பது மதிப்பெண் கூடுதலாக எடுக்க எத்தனை இரவு விழிக்க வேண்டும்! நோட்டை அன்றன்றைக்கு முடித்து வைப்பது அதைவிட எளிது.

பன்னிரண்டாம் வகுப்பில் இன்னொரு கவனம் தேவை. இயற்பியலில் எழுத்து 70, செய்முறை 30. பத்தாம் வகுப்பில் இரண்டையும் கூட்டி 33 சதவீதம் வந்தால் தேர்ச்சி. இங்கே அப்படியல்ல, இரண்டிலும் தனித்தனியாக 33 சதவீதம் வேண்டும். செய்முறையில் 28 வாங்கிய மாணவர் எழுத்தில் 20 எடுத்தால் கூட்டல் 48 வரும். ஆனாலும் தேர்ச்சி இல்லை. எழுத்தில் 23 இருந்தாக வேண்டும்.

இனி நேரத்துக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கின் 80 மதிப்பெண்ணில் கால்குலஸ் மட்டும் 35. வெக்டரும் முப்பரிமாண வடிவியலும் 14, இயற்கணிதம் 10, நிகழ்தகவு 8, உறவுகளும் சார்புகளும் 8, லீனியர் புரோகிராமிங் 5. வாரத்துக்குப் பத்து மணி நேரம் கணக்குக்கு ஒதுக்கினால், எடைப்படி கால்குலஸுக்கு நாலரை மணி நேரம் போகவேண்டும். பிள்ளைகளோ முதல் பாடத்திலிருந்து வரிசையாகச் சமமாகப் படிக்கிறார்கள். கால்குலஸ் பாதியில் நிற்கும்போது தேர்வு வந்துவிடுகிறது.

எடை மட்டும் போதாது, பிள்ளையின் நிலையையும் பார்க்கவேண்டும். ஹிஃப்ள் மதரஸாவில் நன்றாக மனனமான ஜுஸ்வுக்கும் தடுமாறுகிற ஜுஸ்வுக்கும் உஸ்தாத் ஒரே நேரம் கொடுப்பதில்லை. கடைசி மாதிரித் தேர்வை எடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் விட்ட மதிப்பெண்ணை எழுதிப் பாருங்கள். கால்குலஸில் 35க்கு 12, வெக்டர் பகுதியில் 14க்கு 10 என்றால், முதலாவதில் 23 மதிப்பெண் காத்திருக்கிறது, இரண்டாவதில் நான்குதான். ஒரு விதிவிலக்கும் உண்டு. லீனியர் புரோகிராமிங் சிறிய பாடம், ஓரிரு நாளில் பிடிபடும். ஐந்துதானே என்று அதைக் கடைசிக்குத் தள்ளுவது நம் பார்வையில் நஷ்டம்.

பொதுத்தேர்வு பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது. ரமளானும் இப்போது அதே மாதங்களில் வருகிறது. செய்முறை, புராஜெக்ட், நோட்டு எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிடுவதால், நோன்பில் எழுத்துத் தேர்வு மட்டுமே மீதி. சஹருக்கு எழுந்த பிள்ளைக்கு ஃபஜ்ருக்குப் பிந்தைய இரண்டு மணி நேரம் கால்குலஸுக்கு இருக்கட்டும். அஸருக்குப் பின் களைத்திருக்கும் வேளையில் சூத்திரங்களைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

அந்தத் தகப்பனாரிடம், மகளின் கணக்கு நோட்டை வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வகுப்பாசிரியரைப் பார்க்கச் சொன்னோம்.