127 மணி நேரம், 45 மணி நேரம்: மலைக்குத் தனியாகப் போகிறவர் வீட்டில் சொல்ல வேண்டிய நான்கு விஷயங்கள்!

சேலம் அம்மாபேட்டையில் மொட்டை மாடியில் நின்று சுற்றிப் பார்த்தால் எந்தப் பக்கமும் மலைதான். வடக்கே நகரமலை, அதற்குப் பின்னால் சேர்வராயன் மலைத்தொடர். தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. ஞாயிற்றுக்கிழமை காலையில், "ஏறிட்டு மத்தியான சாப்பாட்டுக்கு வந்துடலாம்" என்று ஒரு பாட்டில் தண்ணீரோடு கிளம்பும் இளைஞர்கள் இங்கே நிறைய பேர்.

அப்படித்தான் ஒரே ஒரு நாள் நடைக்குக் கிளம்பினார் ஆரன் ரால்ஸ்டன். அமெரிக்கர், வயது 27. மெக்கானிக்கல் இன்ஜினீயர் வேலையை விட்டுவிட்டு மலையே கதி என்று இருந்தவர்.

பாறை உருண்டது!

2003 ஏப்ரல் 26, சனிக்கிழமை. யூட்டா மாநிலத்தின் பாலைவனத்தில் 'புளூஜான் கேன்யன்' என்ற பாறைப் பிளவு. இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், நடுவே ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. அதில் இறங்கும்போது, மேலே சிக்கியிருந்த பாறை ஒன்று உருண்டு அவருடைய வலது கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. எடை சுமார் 360 கிலோ.

பையில் கயிறு இருந்தது. சின்னக் கத்தி இருந்தது. வீடியோ கேமராகூட இருந்தது. எந்தப் பள்ளத்தாக்குக்குப் போகிறார் என்று தெரிந்த ஒரு ஆள் மட்டும் இல்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

தண்ணீர் தீர்ந்தது. பகலில் வெயில், இரவில் நடுங்கும் குளிர். கடைசியில் முன்கை எலும்பை உடைத்து, மழுங்கிய கத்தியால் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு விடுபட்டார். ஒற்றைக் கையால் கயிற்றில் இறங்கி, பல கிலோமீட்டர் நடந்தபோது ஒரு சுற்றுலாக் குடும்பம் கண்ணில் பட்டது. கொஞ்ச நேரத்தில் ஹெலிகாப்டரும் வந்தது. அவரைக் காணோம் என்று அம்மா விடாமல் தேட வைத்ததால் வந்த ஹெலிகாப்டர் அது.

சிக்கியிருந்தது 127 மணி நேரம். அதே பெயரில் 2010-ல் படம் வந்தது. இசை, நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்.

பாலக்காட்டில் நடந்தது

இரண்டாவது சம்பவம் நமக்குப் பக்கத்தில். 2022 பிப்ரவரி 7. பாலக்காடு மாவட்டம் மலம்புழா அருகே, நண்பர்களோடு மலை ஏறிய 23 வயது இளைஞர் வழுக்கி விழுந்து, செங்குத்துப் பாறையின் நடுவே ஒரு இடுக்கில் சிக்கினார். மேலேயும் போக முடியாது, கீழேயும் இறங்க முடியாது.

ஹெலிகாப்டர் முயற்சி பலிக்கவில்லை. வெலிங்டனிலிருந்து மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் உள்ளிட்ட ராணுவக் குழு வந்தது. மலை உச்சிக்குப் போய், கயிற்றில் இறங்கி, முதலில் தண்ணீர் கொடுத்து, பிறகு மேலே இழுத்துக் காப்பாற்றினார்கள். சுமார் 45 மணி நேரம் அவர் சோறு தண்ணீர் இல்லாமல் இருந்தார். ஆனால், முழுசாகத் திரும்பினார்.

ஒருவர் கையை இழந்தார், இன்னொருவர் இழக்கவில்லை. காயம், பாறை, ஊர் எல்லாமே வேறு வேறுதான். ஆனால் மலம்புழாவில் எங்கே தேட வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்திருந்தது. நண்பர்கள் கீழே வந்து சொன்னார்கள். போனில் சார்ஜ் இருந்தவரை அவரே போட்டோ அனுப்பினார். யூட்டாவில் தேடவே பல நாள் கழித்துத்தான் ஆரம்பித்தார்கள்.

கிளம்பும் முன்...

பாறை இடுக்கில் செல்போன் சிக்னல் கிடைக்காமல் போகலாம். கத்தினாலும் வெளியே கேட்காது. வெயிலில் பாறை அனலாகக் கொதிக்கும். அதனால் வீட்டில் நான்கு விஷயங்களை எழுதி வையுங்கள்:

1. எந்த மலை, எந்தப் பாதை.
2. எந்த வழியாக இறங்குவேன்.
3. எத்தனை மணிக்குத் திரும்புவேன்.
4. எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் 112-க்குச் சொல்ல வேண்டும்.

வழியில் திட்டம் மாறினால், சிக்னல் இருக்கும்போதே தகவல் சொல்லுங்கள். காட்டுப் பகுதி என்றால் வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு வந்த விதி இது. அரசே 2024-ல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் வழிகாட்டியோடு போகலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "சொன்னா விடமாட்டாங்க" என்றுதான் பல பிள்ளைகள், "ஃப்ரெண்டு வீட்டுக்குப் போறேன்" என்று பொய் சொல்லிவிட்டு மலைக்குப் போகிறார்கள். ஆபத்து என்று வந்தால், நீங்கள் அந்த ஃப்ரெண்டு வீட்டில்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள். திட்டுவதை அவர்கள் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். போகும்போது, எந்த மலை என்று மட்டும் பயமில்லாமல் சொல்ல விடுங்கள்.