மீண்டவரே துணை: பாதிக்கப்பட்ட இளையோருக்கான சக ஆதரவுப் பணி

வீட்டை விட்டு வந்த பதினாறு வயதுப் பெண் ஒருத்தியை, அவளை வைத்துச் சம்பாதித்தவர்களிடமிருந்து புதுச்சேரியின் முதலியார்பேட்டையில் போலீஸார் மீட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சில மாதங்களில் அவள் யார் யாரிடம் பேச வேண்டியிருக்கும்? முதலில் சீருடை அணியாத பெண் சப்-இன்ஸ்பெக்டர். பரிசோதிக்கும் டாக்டர். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு. அதில் தலைவரோடு சேர்த்து ஐந்து பேர். வாக்குமூலம் பதியும் மாஜிஸ்திரேட். ஹோமில் கண்காணிப்பாளர், கவுன்சிலர். பிறகு அரசு வழக்கறிஞர், கடைசியில் நீதிபதி. எல்லாருக்கும் படிப்பு இருக்கிறது, பதவி இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. அவர்களில் பலர் உண்மையான அக்கறையோடு வேலை செய்பவர்கள். ஆனால் அவள் பட்டதைத் தானும் பட்டு மீண்டவர் என்று இந்த வரிசையில் ஒருவர்கூட இல்லை.

அந்த இடத்துக்கு வர வேண்டியவர்தான் சக ஆதரவுப் பணியாளர். களத்தில் சுருக்கமாக ‘பியர்’ என்கிறார்கள். பாலியல் சுரண்டல், கொத்தடிமை வேலை, போதை, தெரு வாழ்க்கை, வீட்டிலிருந்து விரட்டப்படுதல் என ஏதோ ஒன்றைக் கடந்து வந்தவர். அதே நிலையில் இன்று சிக்கியிருக்கும் இளையவருக்குப் பக்கத்தில் நிற்பதையே வேலையாகச் செய்பவர். கவுன்சிலர் செய்வதை அவர் செய்வதில்லை. நோய் என்னவென்று சொல்வதோ, வழக்கை நடத்துவதோ, புத்தி சொல்வதோ அவர் வேலை அல்ல. “நானும் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்” என்று சொல்ல அவரால் முடியும். அறையில் இருக்கும் மற்ற யாராலும் அதைச் சொல்ல முடியாது.

முதலியார்பேட்டையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. கடலூர் சாலையில் தெற்கே போய்ப் பார்த்தால், இந்தப் பிரச்சினையின் எல்லா முனைகளும் அந்த ஒரே சாலையில் கிடக்கின்றன. ஏஎஃப்டி பஞ்சாலை பல தலைமுறைக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 2011 இறுதியில் அடித்த தானே புயலில் உருக்குலைந்து, 2020-ல் மொத்தமாக மூடப்பட்டது. நிரந்தர வேலை என்ற ஒன்று தெருவிலிருந்து போய்விட்டால், படிப்பை விட்ட பையன்களை “ஒரு சின்ன வேலை இருக்கு, வர்றியா” என்று கூப்பிடுபவர்களுக்கு வசதியாகிவிடுகிறது. ஆலையின் மைதானம் 2024-ல் சில காலம் தற்காலிகப் பேருந்து நிலையமாக இருந்தது. ஓடிவரும் பிள்ளைகள் முதலில் இறங்குவதும், அவர்களுக்காகக் காத்திருப்பவர்கள் நிற்பதும் எந்த ஊரிலும் பேருந்து நிலையத்தில்தான். ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகமும் இதே கடலூர் சாலையில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் அரியாங்குப்பம். சட்டத்துடன் முரண்பட்ட சிறுவர்களுக்கான அரசு கூர்நோக்கு இல்லம் அங்கே.

பட்டவரையே பணியில் அமர்த்தும் யோசனை புதிதல்ல. 1790-களில் பாரிஸ் அருகே பிசெத்ர் மருத்துவமனையில் ழான்-பத்தீஸ்த் புஸ்ஸன் என்பவர் மனநோயாளிகள் பிரிவைக் கவனித்துவந்தார். அவரே முன்பு அங்கு நோயாளியாக வந்து குணமானவர். பணியாட்களை, முடிந்தவரை, குணமாகி வருபவர்களிலிருந்தே தேர்ந்தெடுத்தார். அவர்கள் கையை ஓங்குவதில்லை, மனிதராக நடத்துகிறார்கள் என்று கண்டார். நவீன மனநல மருத்துவத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் ஃபிலிப் பினெல், சங்கிலிகளை அகற்றும் வழியை இவரிடம்தான் கற்றார்.

இந்தியாவில் இதை வேலையாகவே நிலைநிறுத்தியது எச்ஐவி தடுப்பு. 1992-ல் கல்கத்தாவின் சோனாகாச்சியில் டாக்டர் ஸ்மரஜித் ஜனா தொடங்கிய திட்டம், பாலியல் தொழிலாளர்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கியது. மூன்றே ஆண்டுகளில் அவர்கள் ‘துர்பார்’ என்ற சொந்த அமைப்பைக் கட்டிக்கொண்டார்கள். பிறகு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நாடு முழுவதற்குமான கணக்கையே வகுத்தது: 60 பேருக்கு ஒரு பியர், ஊசியில் போதை ஏற்றுபவர்கள் என்றால் 40 பேருக்கு ஒருவர். புதுச்சேரியில் திருநங்கையர் மத்தியிலும் தன்பாலீர்ப்பு ஆண்கள் மத்தியிலும் இந்தப் பணியைச் செய்துவரும் சகோதரன் அமைப்பை, ஷீத்தல் நாயக் என்ற திருநங்கையே முன்னின்று நடத்துகிறார். பதினான்கு, பதினைந்து வயதில் வீட்டில் அடிவாங்கி வெளியேறும் பிள்ளையின் கதை இவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத கதை.

ஆனால் இங்கேயே முதல் இடைவெளியும் இருக்கிறது. எச்ஐவி தடுப்புத் திட்டம் 18 வயது நிரம்பியவர்களுக்கானது. பதினாறு வயதுப் பிள்ளை வந்து நின்றால் அதைத் தங்கள் பட்டியலில் சேர்க்க முடியாது. குழந்தைகள் நலக் குழுவிடம் அனுப்ப வேண்டும். சட்டப்படி அது சரி. ஆனால் பியர் இருக்கும் இடத்தில் அந்த வயதுக்கு அனுமதி இல்லை, அந்த வயதுக்கு அனுமதி உள்ள இடத்தில் பியர் இல்லை.

ரகசியம் காப்பேன் என்று சொல்லலாமா?

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்தப் பணி ‘ஆறுதல் சொல்வது’ என்று தோன்றும். உண்மையில் அதன் பெரும்பகுதி காத்திருப்பது. மருத்துவமனை வராந்தாவில், குழந்தைகள் நலக் குழு அலுவலக வாசலில், நீதிமன்ற நடைபாதையில். போக்சோ வழக்கு கூடுமானவரை ஓராண்டுக்குள் முடிய வேண்டும் என்பது சட்டம். வாய்தா வாய்தாவாக அது நீளும்போது, சாட்சி சொல்ல வேண்டிய பிள்ளை மனம் தளர்ந்து “அக்கா, எனக்கு எதுவுமே வேண்டாம், விட்டுடுங்க” என்று சொல்லும் நாள் ஒன்று வரும். அன்றைக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து வழக்கே நிற்கும் அல்லது விழும்.

மிகக் கடினமான நேரம் முதல் சந்திப்பு. மனதைத் திறந்தால் வெளியே சொல்லக் கூடாது என்று பிள்ளை சத்தியம் கேட்கும். கொடுக்கக் கூடாது. போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த யாரும் போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை. பியருக்கு இதில் விலக்கு இல்லை. எனவே நல்ல பயிற்சி பெற்றவர் எதையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்: “நீ சொல்றத ஊர்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உன் மேல யாராவது கை வச்சிருந்தா, உன் உயிருக்கு ஆபத்துன்னா, அத மட்டும் மறைக்க எனக்கு உரிமை கிடையாது. சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்.” இதைக் கேட்டு அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு எழுந்து போகலாம். போனாலும் பரவாயில்லை. ஏற்கெனவே ஏமாற்றப்பட்ட ஒருவரிடம் இன்னொரு பொய் வாக்குறுதியோடு உறவைத் தொடங்குவது அதைவிடக் கேடு. பதினேழு வயதுப் பெண் தன் காதலைப் பற்றிச் சொல்ல வந்தாலும் இதே சட்டம் குறுக்கே நிற்கிறது என்பது களத்தில் உள்ளவர்களுக்குத் தெரிந்த சங்கடம். அதை அவர்கள் தனியாகச் சுமக்கக் கூடாது. மேலே ஒரு மூத்த சமூகப் பணியாளர், உடனே போனில் கிடைக்கும்படி, இருக்க வேண்டும்.

இன்னொரு கட்டுப்பாடு, தன் கதையை எவ்வளவு சொல்வது என்பது. எதிரே இருப்பவருக்குப் பயன்படும் அளவுக்கு மட்டுமே சொல்ல வேண்டும். தன் துயரத்தை இறக்கிவைக்கும் இடம் அது அல்ல. பணம் கடன் கொடுப்பது, வீட்டில் தங்கவைப்பது, நள்ளிரவில் தனியாகத் தேடிப் போவது ஆகியவற்றுக்கும் தடை உண்டு. இவையெல்லாம் அன்பினாலேயே மீறப்படுகின்றன. அதனால்தான் பயிற்சி தேவைப்படுகிறது. அனுபவம் மட்டும் போதாது.

பையன்களைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். கஞ்சாப் பொட்டலம் கைமாற்றவும், கும்பலுக்காக ஆயுதம் எடுக்கவும் சிறுவர்களைப் பிடிப்பதும் சுரண்டல்தான். சிறார் நீதிச் சட்டத்தின் 83-வது பிரிவு, பிள்ளைகளைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. செய்திகளில் அந்தப் பையன் மட்டும்தான் குற்றவாளியாக வருகிறான். கூர்நோக்கு இல்லத்திலிருந்து வெளியே வரும் நாளில் அவனைக் கூட்டிப்போக முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் அதே ‘அண்ணன்’தான். வேறொரு அண்ணன் அங்கே நிற்க வேண்டாமா? மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் போதைத் தடுப்புச் செயல்திட்டத்தில் சகாக்கள் வழியாக வளரிளம் பருவத்தினரை அணுகும் மையங்களுக்கு இடம் இருக்கிறது. 2019-ல் எய்ம்ஸ் வெளியிட்ட தேசிய ஆய்வு, முகர்ந்து ஏற்றும் போதைப் பொருள்களின் பயன்பாடு மட்டும் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகம் என்று கண்டது: 0.58 சதவீதத்துக்கு எதிராக 1.17. பஞ்சர் ஒட்டும் பசையை முகரும் பன்னிரண்டு வயதுப் பையனிடம், அதிலிருந்து வெளியே வந்த இருபது வயதுக்காரர் பேசுவதற்கு ஈடாக எந்தச் சுவரொட்டியும் இல்லை.

2020 அக்டோபரில் புதுச்சேரியை உலுக்கிய வாத்துப் பண்ணை வழக்கை மறந்திருக்க மாட்டோம். வில்லியனூர் அருகே கீழ்ச்சாத்தமங்கலத்தில், சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்கு வாத்து மேய்க்க அனுப்பப்பட்ட இருளர் சிறுமிகள் ஐந்து பேர் மீட்கப்பட்டார்கள். அவர்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதும் தெரியவந்தது. இப்படிக் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்படுபவர்களுக்கு மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டம் 3 லட்சம் ரூபாய் வரை அளிக்கிறது. அதைப் பெற விடுதலைச் சான்றிதழ் வேண்டும், ஆதார் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், சாதிச் சான்று வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு அலுவலகம், ஒவ்வொரு அலுவலகமும் ஒரு நாள் கூலி. தமிழகத்தின் வட மாவட்டங்களில், அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து விடுபட்டவர்களே சங்கம் அமைத்து, புதிதாக மீட்கப்படும் குடும்பங்களோடு வட்டாட்சியர் அலுவலகம் வரை கூடப் போகிறார்கள். எந்த மேசையில் எந்தத் தாள் கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஏனென்றால் தங்கள் தாளுக்காக அங்கே நின்றவர்கள் அவர்கள். மீட்கப்படும் சிறார்களுக்கும் இப்படி ஒரு கை கிடைக்க வேண்டும்.

பட்டம் கேட்கும் விதி

சட்டத்தில் இதற்கு நெருக்கமான ஓர் இடம் இருக்கிறது. போக்சோ விதிகள் 2020-ன்படி, விசாரணை முதல் தீர்ப்பு வரை பிள்ளைக்குத் துணை நிற்க ‘ஆதரவாளர்’ ஒருவரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். 2023 ஆகஸ்ட் 18 அன்று உச்ச நீதிமன்றம், ஆதரவாளர் தேவையா என்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்று வலியுறுத்தியது. மிக நல்ல தீர்ப்பு. ஆனால் ஆதரவாளராவதற்கான தகுதி என்ன? சமூகப் பணி, சமூகவியல், உளவியல், குழந்தை வளர்ச்சி இவற்றில் ஒன்றில் முதுகலைப் பட்டம். அல்லது ஏதாவது பட்டத்தோடு குழந்தைகள் துறையில் மூன்றாண்டு அனுபவம். எட்டாம் வகுப்பில் பள்ளியிலிருந்து பிடுங்கப்பட்டு, சுரண்டப்பட்டு, மீண்டு, இன்று இருபத்து நான்கு வயதில் உறுதியாக நிற்கும் பெண்ணுக்கு அந்த விதியில் இடமில்லை. அவளிடமிருந்து படிப்பைப் பறித்தது எதுவோ, அதுவே இப்போது அவளை வாசலில் நிறுத்துகிறது.

முதுகலை படித்தவர் வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. வழக்கின் தாள்களைப் புரிந்துகொள்ள அவர் கட்டாயம் வேண்டும். அவரோடு பியர் ஒருவரும் இணைந்து அமர்த்தப்பட வேண்டும், விதியில் அதற்கு இடம் வேண்டும் என்கிறேன். குஜராத்தின் அரசு மனநல மருத்துவமனைகள் 2014 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலோடு சக ஆதரவாளர்களை மருத்துவக் குழுவில் சேர்த்துப் பார்த்திருக்கின்றன. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் எப்போதோ இதைச் சான்றிதழ் பெற்ற, ஊதியமுள்ள தொழிலாக்கிவிட்டது.

ஊதியம் என்ற சொல்தான் இங்கே உறுத்துகிறது. எச்ஐவி திட்டத்தின் பியருக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். 2014-ல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் சுகாதாரத் திட்டத்தின் ‘சாத்தியா’ பிள்ளைகளுக்குப் பணமாக ஊதியம் எதுவும் இல்லை. மற்றவர் சொல்லும் கொடுமையைக் கேட்கும்போது தன் பழைய இரவுகள் திரும்பி வருகிற ஆபத்தைச் சுமந்துகொண்டு செய்கிற வேலை இது. அதற்கு வாராந்திரக் கலந்தாய்வும், சம்பளத்தோடு விடுப்பும், வருங்கால வைப்பு நிதியும் கேட்பது பேராசையா? இதற்கு நடுவே, மீண்ட பெண்களை மேடையேற்றி அழவைத்து, கைதட்டி, பொன்னாடை போர்த்தி அனுப்பும் வழக்கம் வேறு. தயவுசெய்து அதை நிறுத்த வேண்டும். மீட்கப்பட்ட சில மாதங்களிலேயே ஒருவரைப் பணிக்கு இழுப்பதும் தவறு. தங்க இடமும், மனதுக்கு நிலையும், மறுக்கிற தைரியமும் வந்த பிறகே கேட்க வேண்டும்.

பதினெட்டு வயது நிறைந்து ஹோமை விட்டு வெளியேறும் பிள்ளைகளிடமிருந்து இதைத் தொடங்கலாம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அவர்களுக்கு 21 வயது வரை பின்தொடர் பராமரிப்பு உண்டு. மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். அந்த மூன்று ஆண்டுகளில் விருப்பமுள்ளவர்களுக்கு முறையான பயிற்சியும், முடிவில் உறுதியான வேலையும் தர புதுச்சேரி போன்ற சிறிய யூனியன் பிரதேசத்தால் முடியும். இங்கே துறைகள் எல்லாம் ஒரே நகரத்துக்குள் இருக்கின்றன. முடிவெடுப்பவர்களை ஒரே நாளில் ஒரே அறையில் உட்காரவைக்கலாம்.

அதுவரை, இந்தப் பணிக்கு வர நினைக்கும் மீண்டவர்களுக்குத் திறந்திருக்கும் வழி ஒன்றைச் சொல்ல வேண்டும். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர் ஆவதற்குப் பத்தாம் வகுப்பு போதும். அறிவிப்பு வரும்போது விண்ணப்பித்தால், தேர்வானவர்களுக்குப் பயிற்சியும் அடையாள அட்டையும், அமர்த்தப்படும் நாள்களுக்கு மதிப்பூதியமும் தருகிறார்கள். போதையிலிருந்து மீள உதவி கேட்க 14446, மனம் தாங்காத நேரத்தில் பேச 14416, பிள்ளை ஆபத்தில் இருப்பதைக் கண்டால் 1098. மூன்றும் கட்டணமில்லா எண்கள்.