திரையில் மால்குடி

மைசூரு மண்டி மொஹல்லாவிலிருந்து சிறிது தொலைவில் யாதவகிரி உள்ளது. அங்கு எழுத்தாளர் ஆர். கே. நாராயண் வாழ்ந்த இல்லம் இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. சென்னையில் பிறந்த இத்தமிழர், மைசூரில் வாழ்ந்து, மால்குடி என்னும் கற்பனை ஊரை ஆங்கிலக் கதைகளில் படைத்தார்.

1958இல் வெளிவந்த இவருடைய ‘தி கைடு’ புதினம், 1965இல் இந்தித் திரைப்படமாயிற்று. கதைக்களம் மால்குடியிலிருந்து இராஜஸ்தானுக்கு மாறியது. வறட்சியால் வாடும் ஊருக்காக, மழை வேண்டி ராஜு உண்ணாநோன்பு இருக்கிறான். மழை பெய்ததா என்பதைப் புதினம் உறுதியாகக் கூறவில்லை. படிப்பவர் எண்ணத்திற்கே விட்டுவிடுகிறது. திரைப்படத்திலோ மழை கொட்டுகிறது. படம் பெரும்புகழ் பெற்றது. நாராயண் மனநிறைவு அடையவில்லை.

பின்னர், சங்கர் நாக் இயக்கிய ‘மால்குடி டேஸ்’ தொடர் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயிற்று. சிவமொக்கா மாவட்டத்து ஆகும்பே என்னும் சிற்றூரே அதில் மால்குடி ஆயிற்று. நாராயணின் தம்பி ஆர். கே. லட்சுமணின் ஓவியங்கள் தொடருக்கு அழகு சேர்த்தன. சிறுவன் சுவாமியின் குறும்பும், தந்தையிடம் அவன் கொண்ட அச்சமும், சிற்றூர்த் தெருவின் அமைதியும் மாறாமல் நின்றன.

நூலின் எல்லா வரிகளையும் திரையில் காட்ட இயலாது. எதை விடலாம், எதை விடலாகாது என்று தேர்ந்தறிவதே நூலுக்குச் செய்யும் நேர்மையாகும்.

சிந்தித்து எழுதுக: நீங்கள் விரும்பிப் படித்த கதையைப் படமாக்கினால், எதனை மாற்றாமல் காப்பீர்கள்? ஏன்?