புரோஸ்டேட் சுரப்பியில் சுண்ணாம்புப் படிவு: அஞ்ச வேண்டுமா?

ஐம்பது வயதைக் கடந்த ஆண்கள் பலர் இன்று முழு உடற்பரிசோதனை செய்துகொள்கின்றனர். ஸ்கேன் அறிக்கையில் ‘புரோஸ்டேட் சுரப்பியில் கால்சியம் படிவு’ என்று ஒரு வரி இருந்துவிட்டால், மனம் உடனே புற்றுநோயை எண்ணிப் பதறுகிறது. வீட்டாரிடம் சொல்லக் கூச்சம். மருத்துவரிடம் கேட்கத் தயக்கம். ஆகவே இதனைத் தெளிவாக அறிந்துகொள்வது நலம்.

புரோஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, ஏறக்குறைய உரிக்காத பாக்குக்காய் அளவில் அமைந்துள்ள சுரப்பி. விந்துடன் கலக்கும் திரவத்தைச் சுரப்பது இதன் பணி. இதன் நுண்குழாய்களில் திரவம் தேங்கி இறுகுவதாலும், சிறுநீர் பின்னோக்கிப் புகுவதாலும், பழைய அழற்சியாலும் சுண்ணாம்புச் சத்து படிகிறது என்பர் மருத்துவர்கள். பெரும்பாலும் இது கால்சியம் பாஸ்பேட் ஆகும். வயது ஏற ஏற இது மிகுதியாகக் காணப்படும். பலருக்கு எந்தத் தொல்லையும் தருவதில்லை. இப்படிவு புற்றுநோய் அன்று.

ஆயினும் சிலருக்கு அடிவயிற்றிலும், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியிலும் மாதக்கணக்கில் வலி நீடிக்கும். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், அடிக்கடி போக வேண்டிய உணர்வு, விந்து வெளிப்படும்போது வலி ஆகியவையும் சேரும். இதுவே நாட்பட்ட புரோஸ்டேட் அழற்சி. இது அரிதான நோயன்று. நம் பினாங்கு மாநிலத்தில் 20 முதல் 50 வயது வரையிலான 3,147 ஆண்களிடம் நடத்தி, 2003-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், 8.7 விழுக்காட்டினரிடம் இதன் அறிகுறிகள் காணப்பட்டன.

அப்படியானால் வலிக்குப் படிவுதான் காரணமா? அமெரிக்காவில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே படிவு இருந்தது. அவர்களுக்கு நோய் நீண்ட காலம் நீடித்திருந்தது. மறுபாதியினருக்குப் படிவின்றியே வலி இருந்தது. ஆகவே படிவு பழைய அழற்சி விட்டுச்சென்ற தழும்பாகவும் இருக்கலாம். அதனை மட்டும் வைத்து நோயை முடிவு செய்யலாகாது.

ஒரு நிலையில் மட்டும் படிவைப் பெரிதாகக் கருத வேண்டும். சிறுநீரில் ஒரே வகைக் கிருமி திரும்பத் திரும்பத் தென்பட்டால், அது படிவின் இடுக்குகளில் மருந்து எட்டாதபடி ஒளிந்திருக்கக்கூடும். அப்போது ஆன்டிபயாடிக் மருந்தை நான்கு முதல் ஆறு வாரம் வரை, மருத்துவர் சொன்னபடி இடைவிடாது உட்கொள்ள வேண்டும். கிருமியே இல்லாதவர் அதே மருந்தை மாற்றி மாற்றி விழுங்குவதால் பயனில்லை. பணமும் உடலும்தான் கெடும்.

வாழைத்தண்டுச் சாறு, பூனைமீசை இலைக் கஷாயம் ஆகியவற்றைச் சிறுநீரகக் கல்லுக்கென்று பலர் குடிக்கின்றனர். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை வேறு உப்பினாலானவை. புரோஸ்டேட் படிவை இவை கரைக்கும் என்பதற்குச் சான்று இல்லை. தொல்லை தராத படிவைக் கரைக்கவோ அகற்றவோ தேவையும் இல்லை.

கிருமியில்லாத வலிக்கு, சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் மருந்து, வலி நிவாரணி, இடுப்புத் தசைகளைத் தளர்த்தும் உடற்பயிற்சி, வெதுவெதுப்பான நீரில் அமர்தல் ஆகியவற்றை ஆளுக்கேற்ப மருத்துவர் பரிந்துரைப்பார். ஒரே மருந்து எல்லாருக்கும் உதவுவதில்லை. அல்ஃபுசோசின் என்னும் தளர்த்தும் மருந்து வெற்று மாத்திரையைவிட மேலான பலன் தரவில்லை என்று 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டில், பினாங்கு ஆய்வாளர்கள் பத்து வார அக்குபங்சர் சிகிச்சையின் முடிவை வெளியிட்டனர். முறையான சிகிச்சை பெற்றோருள் 73 விழுக்காட்டினரும், போலிச் சிகிச்சை பெற்றோருள் 47 விழுக்காட்டினரும் நலம் கண்டனர்.

அன்பர்களே! ஸ்கேன் படத்துக்கு அல்ல, உங்கள் உடலில் தோன்றும் தொல்லைக்கே வைத்தியம் தேவை. வலி மூன்று மாதம் நீடித்தால், கூச்சத்தை ஒதுக்கி மருத்துவரிடம் செல்லுங்கள். சிறுநீரில் இரத்தம், குளிர்காய்ச்சல், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாய்மார்களும் தங்கள் கணவர் இரவில் பன்முறை எழுந்து செல்வதைக் கண்டால், முதுமை என்று விட்டுவிடாமல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது நன்று.