வாதரத்தம்: வலி தணிந்தாலும் நோய் தணிவதில்லை

கொங்கு நாட்டில் தாராபுரம், மூலனூர் பகுதிகளிலும், அவற்றையடுத்த ஒட்டன்சத்திரம் பகுதியிலும் நம் விவசாயிகள் கண்வலிக்கிழங்கு பயிரிடுகின்றனர். புலவர்கள் போற்றிய செங்காந்தள் அதுவே. தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. அதன் விதை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாவது, அதிலுள்ள கால்சிசின் என்னும் சத்தின் பொருட்டாகும். ‘கவுட்’ எனப்படும் வாதரத்த நோயின் வேதனையைத் தணிக்கும் மருந்து அது. உலகத்தாருக்கு இம்மருந்தின் மூலப்பொருளை விளைவித்துத் தரும் இந்நாட்டிலேயே, அந்நோய் கண்டவர் பலர், “வாய்வுப் பிடிப்பு, தானாகப் போய்விடும்” என்று வாளாவிருந்து விடுகின்றனர். அவ்வலட்சியத்தின் விளைவை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நோயின் தன்மை

நம் உடலிலும் உணவிலும் உள்ள பியூரின் என்னும் பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. இதனைப் பெரும்பாலும் சிறுநீரகமே வெளியேற்றுகிறது. வெளியேற்றம் குறைந்தால் அமிலம் இரத்தத்தில் தேங்கும். 100 மில்லி லிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராம் என்னும் அளவைக் கடந்தால், அது கரைந்து நிற்க இயலாமல் ஊசி போன்ற படிகங்களாக மூட்டுகளில் படியக்கூடும். இந்நோயாளரின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை 1848-இல் ஆல்பிரட் காரட் என்னும் ஆங்கில மருத்துவர் நிரூபித்தார்.

நள்ளிரவில் கால் பெருவிரல் திடீரெனச் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் பொறுக்க முடியாதபடி வலிப்பது இதன் வழக்கமான தொடக்கம். ஒன்றிரண்டு வாரங்களில் வலி தானே அடங்கிவிடும். ஏமாற்றம் இங்கேதான் இருக்கிறது.

அசலும் வட்டியும்

நம் சங்கக் கணக்கின் மொழியில் சொல்வோமாயின், வலி என்பது வட்டி. படிந்து கிடக்கும் அமிலமே அசல். வட்டி கேட்பவன் சில மாதங்கள் வாசலுக்கு வராததால் கடன் தீர்ந்ததாகுமா? வலியற்ற காலத்திலும் படிகங்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். பிறகு வலி அடிக்கடி வரும். கணுக்கால், முழங்கால், கைவிரல் எனப் பரவும். ஆண்டுகள் செல்லச் செல்ல, விரல்களிலும் முழங்கையிலும் காதுமடலிலும் சுண்ணாம்பு போன்ற வெண்கட்டிகள் தோன்றும். அவை எலும்பை அரித்து மூட்டைக் கோணச் செய்யும். அரித்த எலும்பு பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவது அரிது.

குழித்தறியில் மிதியை மிதிக்கும் காலும், அறுந்த இழையைப் பிணைக்கும் விரலும், மண்வெட்டி பிடிக்கும் கையும் பழுதானால் குடும்பத்தின் கதி என்ன? மதுக்கரை வட்டாரத்தில் சங்கங்களின் புத்தகங்களைப் பார்வையிடுகையில், தவணை தவறிய கடனுக்குப் பின்னே கவனியாது விடப்பட்ட நோய் இருப்பதைப் பல சமயம் காண்கிறோம்.

மூட்டோடு கேடு நிற்பதில்லை. சிறுநீரகத்தில் கல் உண்டாகலாம். நாட்பட்ட சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய் ஆகியவை இந்நோயாளரிடம் மிகுதியாகக் காணப்படுகின்றன. போதாக்குறைக்கு, மருந்துக் கடையில் கேட்டு வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் குடலையும் மேலும் கெடுக்கின்றன.

செய்ய வேண்டியவை

இந்நோய் நன்கு கட்டுப்படக்கூடியது என்பது ஆறுதலான செய்தி. யூரிக் அமிலம் உருவாவதைக் குறைக்கும் அல்லோபியூரினால் என்னும் மருந்து 1966-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதனை உருவாக்கியவர்களான கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸ் இருவரும் 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அடங்குவர். அமில அளவை 6 மில்லிகிராமுக்குக் கீழே தொடர்ந்து வைத்திருந்தால் படிகங்கள் சிறுகச் சிறுகக் கரைகின்றன; கட்டிகளும் சுருங்குகின்றன. மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி மீண்டும் வரக்கூடும். அதற்கு அஞ்சித் தாமாகவே நிறுத்தலாகாது. அதைத் தடுக்க மருத்துவர் வேறு மருந்தும் தருவார். ஆனால் உடலில் தடிப்பு கண்டால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரைக் காண வேண்டும். மூட்டு வீக்கத்தோடு கடுங்காய்ச்சல் வந்தால், அது கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

மதுவை, சிறப்பாகப் பீரை, விலக்குக. ஈரல், குடல் முதலிய உறுப்பிறைச்சியையும் சர்க்கரைப் பானங்களையும் குறைத்துக்கொள்க. வெயிலில் உழைப்போர் தண்ணீர் போதிய அளவு பருகுக. பருப்பையும் பயற்றையும் அறவே ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் பத்தியம் ஒன்றே போதும் என்று இருந்துவிடலாகாது. பலருக்கு மருந்து இன்றியமையாதது.

கண்வலிக்கிழங்கு பயிரிடும் அங்கத்தினர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மருந்து அதில்தானே உள்ளது என்று கிழங்கையோ விதையையோ ஒருபோதும் உட்கொள்ள வேண்டாம். அச்செடி முழுவதும் நஞ்சு, உயிரைக் குடிக்கும். அளந்து கொடுக்கும் மருத்துவர் கையில்தான் அது மருந்தாகும்.

காலில் ஒருமுறை இவ்வேதனை கண்டவர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையோ மருத்துவமனையையோ அணுகி, யூரிக் அமிலம், சிறுநீரகம், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்துக் கொள்வாராக. சங்க நிர்வாகிகளும், நொண்டி நடக்கும் அங்கத்தினரைக் கண்டால் தவணையைக் கேட்பதோடு நில்லாமல், வைத்தியம் பார்த்தீர்களா என்றும் கேட்க வேண்டும். அங்கத்தினரின் கைகால்களே சங்கத்தின் முதன்மையான மூலதனம் அன்றோ!